பின்னால் போன பிரேக்

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எதன் மீதோ மோதினார். மோதிய வேகத்தில் முன் ஃபோர்க் பின்பக்கமாக வளைந்துவிட்டது. அதே வேகத்தில், ஃபோர்க்குக்கு முன்னால் இருந்த பிரேக் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இதை நான் முழுதாக நம்பினேன். நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கிய பிரேக், ஒரு கீறல்கூட இல்லாமல், கம்பியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதாம். நான் இயற்பியல் படித்தவன். எந்தக் கல்லூரியில் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கும் மானம் இருக்கிறது.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு கால்கள் இருக்கின்றனவே, அதுதான் ஃபோர்க். சாதாரண சைக்கிளில் அந்தக் கால்கள் நுனியில் கொஞ்சம் முன்பக்கமாக வளைந்திருக்கும். அந்த வளைவு இருப்பதால்தான் ஹேண்டில்பார் சொன்னபடி கேட்கிறது, பெடலில் இருக்கும் கால் டயரில் இடிக்காமல் இருக்கிறது. இந்த ஞானம் எல்லாம் எனக்குப் பிறகு வந்தது. வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு மயிலாப்பூர், ஆபீஸ் அடையாறு. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் வழியில் தெரிந்தவர்கள் நிறுத்திப் பேசுகிறார்கள் என்று சைக்கிள் வாங்கினேன். மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு பாலம், அதைத் தாண்டி இடதுபக்கம் ஆபீஸ். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து வைத்திருக்கும் இடங்களில் பஸ்ஸும் நானும் ஒரே சந்தில் போவோம். என் தொப்பை என்னைவிட ஐந்து நொடி முன்னதாக ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். நானும் இதைப் பலரிடம் என் ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன்.

வாட்ச்மேன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இதுகூட எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அதுவரை அவரை நான் ‘என்னப்பா’ என்றும் ‘நீ’ என்றும்தான் கூப்பிட்டேன். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். அவருடைய வீடு முன்பு ஆற்றோரத்தில் இருந்தது. அரசாங்கத்தில் அங்கிருந்து கிளப்பி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்துவிட்டார்கள். அதனால் இரண்டு பஸ் மாறிக் காலை ஆறு மணிக்கு எங்கள் கேட்டில் இருப்பார். வாட்ச்மேன் வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினாறு வருஷம் மீன்பாடி வண்டி ஓட்டியவர். முன்னால் இரண்டு சக்கரமும் பலகையும், பின்னால் ஒரு சக்கரமும் ஓட்டுகிறவரும் இருக்கும் அந்த வண்டியில் பீரோவிலிருந்து ஐஸ் கட்டி வரை மிதித்துக் கொண்டுபோயிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் நான் இறங்கி வருவதற்குள் என் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்று அடித்து வைத்திருப்பார். நான் கேட்டதில்லை. நன்றி சொன்னதும் இல்லை.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பி, விசில், நீலச் சட்டையோடு ஏஜென்சியிலிருந்து ஆள் போட வேண்டும் என்பது அவருடைய ஒரு வருஷத்து ஆசை. ‘இருக்கறவர் என்ன தப்பு பண்ணார்?’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது கேட்பார்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்ததில்லை. நான் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கழுத்து வலிக்கிறது என்று ஹேண்டில்பாரை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். கடைக்குப் போகவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்து, பார்க்கிங்கில் உட்கார்ந்து, நானே செய்தேன். முடித்துவிட்டுக் கையில் கிரீஸோடு மாடிக்குப் போய் மனைவியிடம் காட்டினேன்.

“கைய எங்கயும் வெக்காதீங்க” என்றாள். அவ்வளவுதான் பாராட்டு.

திங்களும் செவ்வாயும் மழை. ஆபீஸுக்கு ஆட்டோ. புதன்கிழமை ஆயுத பூஜை. வாட்ச்மேன் காலையிலிருந்து பார்க்கிங்கில் இருந்த கார், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார். என் சைக்கிளுக்கும் வைத்தார். பிறகு மாடிக்கு வந்து, வாழைக்கன்றும் பூசணிக்காயும் பொரியும் வாங்க மாட வீதி வரைக்கும் போக வேண்டும், சைக்கிளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். “தாராளமா எடுத்துக்கோப்பா” என்றேன். என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது. சாயந்தரம் எல்லா வண்டியின் சக்கரத்துக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். நான் சைக்கிளை ஒரு சாண் தள்ளினேன், அதுவும் நசுங்கியது. மறுநாளும் விடுமுறை.

வெள்ளிக்கிழமை ஏறினேன். கேட்டைத் தாண்டித் திரும்பும்போது ஷூ நுனி டயரில் இடித்தது. வயிறு கொஞ்சம் வளர்ந்ததால் உட்காரும் தோரணை மாறியிருக்கும் என்று நினைத்தேன். தெருமுனைக்குப் போவதற்குள், ஹேண்டில்பாரைத் தொட்டாலே வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எகிறியது. மந்தைவெளியில் தகரத் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம். கால் டயரில் மாட்ட, நான் நேராகப் போய் இளநீர்க் குவியலில் நின்றேன்.

இளநீர் வெட்டும் அம்மா அரிவாளைக்கூடக் கீழே வைக்கவில்லை. “இன்னா சார், வழுக்கையா வேணுமா, தண்ணியா வேணுமா?”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் வளைந்திருக்க வேண்டிய ஃபோர்க் என்னைப் பார்த்து வளைந்திருந்தது. பிரேக் பின்பக்கம் இருந்தது. அடையாறு பாலத்தின் நடுவில் ஃபோர்க் ஒடிந்து நான் ஆற்றுக்குள் விழுவதும், அடுத்த நாள் ஆபீஸ் வாசலில் என் படத்துக்கு மாலை போட்டிருப்பதும் அங்கேயே எனக்குத் தெரிந்தது. மாலையின் நீளம்கூடத் தெரிந்தது, குட்டையான மாலை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, “இன்னா சார், திரும்பி வந்துட்டீங்க?” என்றார்.

“எங்கப்பா இடிச்ச?”

“எதுல சார்?”

“அன்னிக்கு மாட வீதிக்குப் போனியே. எங்க கொண்டுபோய் இடிச்ச? ஃபோர்க்கைப் பாரு.”

அவர் பார்த்தார். “நா எங்கியும் இடிக்கல சார். ஓட்டசொல்ல ஒரு மாறிதான் இருந்துச்சு. தெருமுனையாண்டயே காலு டயர்ல பட்டுச்சு. அப்பால நா ஏறவே இல்ல, தள்ளிக்கினே போயி தள்ளிக்கினே வந்துட்டேன். சார், அந்த போர்க்கு வந்து…”

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “அப்ப உனக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் சொல்லல. இதுக்கு மேல காரணம் எதுவும் சொல்லாத.”

அவர் கேட்டைச் சாத்தினார்.

நான் மாடிக்குப் போய், ஃபோர்க்கைக் கிட்டத்தில் படம் எடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கூடவே ஒரு கடிதம். எனக்குக் கொஞ்சம் எழுத வரும், அதுதான் வினை. ‘இன்று காலை என் உயிர் ஒரு சாண் தூரத்தில் தப்பியது’ என்று தொடங்கியது. ‘நம்பிக்கையோடு கொடுத்த பொருள்’ என்று நடுவில் ஒரு வரி. ‘இன்று என் சைக்கிள், நாளை நம் வீட்டுச் சாவி’ என்று முடிவு. செயலாளர் ஒரே நிமிஷத்தில் பதில் போட்டார்: ஞாயிறு காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம், வாட்ச்மேன் விஷயம் முடிவு செய்யப்படும்.

முதல் மாடி மாமி மட்டும் குரல் பதிவு அனுப்பினார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். “எங்காத்துல சிலிண்டர் தூக்கிண்டு வந்து வெக்கறதே அவர்தான். ஒத்த மனுஷன் வேலை போற விஷயம். மெக்கானிக்ட்ட காமிச்சேளா? காமிச்சுட்டு எழுதியிருக்கலாமோன்னோ?”

நான் கும்பிடும் கைகளை அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

அன்று ஆபீஸில் வேலை எதுவும் நடக்கவில்லை. இணையத்தில் புது ஃபோர்க் தேட ஆரம்பித்தேன். மோதிய சைக்கிள் என்றால் சக்கரமும் கெட்டிருக்குமே, ஆகவே சக்கரங்களும் தேடினேன். சாயந்தரத்துக்குள் நான் ஒரு நிபுணன். ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் குழியில் குலுக்காது, ஆனால் கனம் அதிகம், மிதிக்கிற பலத்தில் பாதியைத் தானே சாப்பிட்டுவிடும். அலுமினிய ஃபோர்க் லேசு, ஆனால் உள்ளங்கை மரத்துப்போகும். தினமும் ஆபீஸ் போகிறவனுக்கு எஃகுதான் நல்லது, எஃகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. ‘வளைந்து கொடுக்கும்’ என்று படித்ததும் மறுபடி ஆறும் மாலையும் தெரிந்தன. சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி வேண்டும், ரிம் இரட்டைச் சுவராக இருக்க வேண்டும், டயர் அகலமாக இருக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரரிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர், “நீங்க லோன் போட்டு ஒரு காரே வாங்கிடலாமே சார்” என்றார்.

சனிக்கிழமை காலை தியாகராய நகரில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். பண்டிகை முடிந்தும் தெருவில் கூட்டம் குறையவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தவர்கள் என்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடையில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபோர்க் என்றதும், “ஸ்டீரர் குழாய் எவ்ளோ நீளம் சார்? மரை உள்ளதா, மரை இல்லாததா?” என்று கேட்டார். ஃபோர்க்கின் உச்சியில் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற குழாயாம் அது; ஒரு நாள் முழுக்கப் படித்தவனுக்கு இது தெரியாது. வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மனைவி தன் ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்போடு பார்க்கிங்குக்குப் போய், வெளியே தெரிந்ததை அளந்து சொன்னாள்.

“டேப் ஃபுல்லா கிரீஸு” என்றாள். “இத நீங்கதான் தோய்ச்சுத் தரணும்.”

கடைப் பெண்ணிடம் என் ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். மிகவும் கிட்டத்தில் எடுத்த படம்; ஒரு வளைந்த கம்பியைத் தவிர எதுவும் தெரியாது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார்.

“சார், இதுல அடிபட்ட மாதிரியே தெரியலையே. பெயின்ட் எங்கயும் உரியல. வண்டியக் கொண்டாந்து காட்டிடுங்களேன்.”

“ஓட்டுற நிலைமையில இல்லம்மா. ஆபத்து.”

“தள்ளிட்டு வரலாமே சார்.”

“நான் உயிர் தப்பினதே பெரிசும்மா” என்றேன். அவர் உள்ளே போனார். ஒரு எஃகு ஃபோர்க், இரட்டைச் சுவர் ரிம்மோடு இரண்டு சக்கரங்கள், எல்லாம் எடுத்துக் கொடுத்தார். மாட்டுவதற்கு ஒரு வாரம் ஆகும், வரிசையில் வண்டிகள் நிற்கின்றன என்றார். அதனால் நானே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பக்கத்துக்கொரு சக்கரம், நடுவில் நான். கையில் ஒரு சங்கு மட்டும் இருந்திருந்தால் வழியில் நாலு பேர் கும்பிட்டிருப்பார்கள்.

யார் மாட்டிக் கொடுப்பார்கள்? ஊரூர் குப்பத்துக்குப் போகிற சந்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது, அவரைப் போல் கை யாருக்கும் வராது என்று ஒருமுறை என்னிடம் சொன்னது எங்கள் வாட்ச்மேன்தான். அந்தக் கடைக்குத்தான், அவர் கெடுத்ததாக நான் நம்பிய சைக்கிளை, ஒரு குட்டி லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் போனேன். கேட்டைத் திறந்து விட்டவரும் அவர்தான். ஒரு கை கொடுத்துச் சைக்கிளை ஏற்றிவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடை என்றால் ஒரு வேப்ப மரம், ஒரு பெட்டி, கிளையில் தொங்கும் பழைய டயர்கள். மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். மீன்கூடை கட்டிய சைக்கிள் ஒன்றுக்கு செயின் போட்டுக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன புது ஃபோர்க்கையும் சக்கரங்களையும் பார்த்தார். என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடியும் ஒரு சுற்று.

“இது யாரு மாட்டுனது?”

“கம்பெனி ஃபிட்டிங்” என்றேன்.

“கம்பெனில சரக்கு போட்டுட்டா மாட்டுவான்?”

“ஒருத்தர் இடிச்சுட்டாருங்க. அதுல வளைஞ்சிருச்சு.”

“இடிச்சா பிரேக்கு நடந்தா போவும் பின்னாடி?”

இரண்டு நாளாக ஒரு படித்த மனிதன் தன்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. மெக்கானிக் ஒரு ஸ்பானரை எடுத்தார். மேலே இருந்த போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பினார். பிறகு அப்படியே சைக்கிளின் முகத்தை முன்னால் கொண்டுவந்து போல்ட்டை இறுக்கினார். ஃபோர்க் முன்பக்கம் வளைந்திருந்தது. பிரேக் முன்னால் இருந்தது. மீன்கூடைக்காரர் பீடியைப் பற்ற வைத்து அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“ஓட்டிப் பாரு நைனா.”

கடற்கரை மணல் தெரிகிற வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். கால் எதிலும் படவில்லை. வண்டி நூல் பிடித்தமாதிரி போனது.

“அப்ப புது ஃபோர்க்கு?”

“அத ஊட்டாண்ட எடுத்துக்கினு போயி பூ போட்டு வெய்யி.” முன்சக்கரத்தைச் சுழற்றி விட்டுப் பார்த்தார். “வீலு லேசா கோட்டம் கீது. அது ரோடு செஞ்ச வேல. எட்த்து வுட்றேன்.” கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கிச் சக்கரத்தின் ஆட்டத்தை எடுத்தார். பாதியில் நிமிர்ந்து எந்த ஏரியா, எந்தக் கட்டடம் என்று கேட்டார், சொன்னேன். “அட, மைலாப்பூரா? உங்கூட்டு கேட்டாண்ட ஒருத்தரு கீறாரே, முன்ன மீன்பாடி வண்டி ஓட்டிக்கினு இருந்தாரே, அவுரு இத பாக்கலியா? பாத்தாருன்னா ஒடனே சொல்லியிருப்பாரே.”

“கவனிச்சிருக்க மாட்டாரு” என்றேன்.

அதுவரை நான் செய்ததெல்லாம் முட்டாள்தனம். முட்டாள்தனத்தை வைத்து ஜோக் அடிக்கலாம், இருபது வருஷமாக அதுதான் என் பிழைப்பு. இந்த ஒரு வார்த்தையை வைத்து என்னால் இன்றுவரை ஜோக் அடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நான் ஹேண்டில்பாரை வெளியே உருவியபோது முன்சக்கரம் தன் பாட்டுக்குச் சுழன்று பின்னால் பார்த்து நின்றிருக்க வேண்டும். நான் சக்கரத்தைப் பார்க்கவில்லை, வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரை மட்டும் முன்பக்கமாகச் சரியாக வைத்து இறுக்கியிருக்கிறேன்.

ஞாயிறு காலை பார்க்கிங்கில் நாற்காலி போட்டுக் கூட்டம். உண்மையைச் சொல்வது என்று முடிவோடுதான் இறங்கினேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன். இரண்டு முறையும் நன்றாகத்தான் வந்தது. செயலாளர் என் கடிதத்தை உரக்கப் படித்தார். ‘என் உயிர் ஒரு சாண் தூரத்தில்’ வந்தபோது இரண்டு பேர் ‘அடடா’ என்றார்கள். வாட்ச்மேன் கேட்டுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார், எல்லாம் கேட்கும் தூரம்.

செயலாளர் என் சைக்கிளைக் காட்டி, “இப்ப சரியாயிடுச்சு போல. புது ஃபோர்க்கா?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டம்.

“பில்லக் குடுங்க. அவரு சம்பளத்துல பிடிச்சுடலாம்.”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம்” என்றேன். உடனே எல்லோரும் என்னைப் பெரிய மனுஷன் என்று பாராட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து கையே கொடுத்தார்.

மாமி மட்டும், “என்ன கோளாறாம், சொன்னாளா?” என்று கேட்டார்.

“சின்னதுதான் மாமி. எனக்கும் சைக்கிளுக்கும் கழுத்து வலி” என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தீர்மான நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. வரும் வெள்ளியோடு இப்போதைய வாட்ச்மேனை நிறுத்துவது, சனிக்கிழமை முதல் ஏஜென்சி. என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். மாமி போடவில்லை. நோட்டை அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்ப இறங்கினேன். இரண்டு டயரையும் அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி காற்று.

அன்று ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை அலங்காரம் எதுவும் இல்லை, ஐந்தே வரி: ஃபோர்க் வளையவில்லை, நான்தான் திருப்பி மாட்டினேன், வாட்ச்மேன் மேல் எந்தத் தப்பும் இல்லை, மன்னிக்க வேண்டும், தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். எழுதியதை அனுப்ப எனக்குச் செவ்வாய் சாயந்தரம் வரை ஆயிற்று. அனுப்பியதும் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. ‘சார் எப்பவுமே காமெடிதான்’ என்று ஒருவர். செயலாளர் தனியாகக் கூப்பிட்டார்.

“மனுஷன்னா தப்பு வரும் சார், விடுங்க. ஏஜென்சிக்கு இன்னிக்குக் காலையிலதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எப்படியும் அவருக்கும் வயசாச்சு.”

“நேத்து சொல்லியிருந்தா?”

“நேத்து சொல்லியிருந்தா வேற விஷயம். நீங்க சொல்லலையே.”

நான் சண்டை போட்டேன். அதாவது இரண்டு முறை ஃபோன் செய்தேன். மாமி நேரில் போய்ச் சண்டை போட்டார். எதுவும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். அவர் சாப்பாட்டு டப்பாவையும் ஒரு குடையையும் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு எதிரில் போய் நின்றேன்.

“ஃபோர்க்கைத் திருப்பி மாட்டினது நான்தாங்க” என்றேன். அவரிடம் முதல் தடவையாக ‘ங்க’ போட்டது அப்போதுதான். நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

“தெரியும் சார்.”

“எப்பத் தெரியும்?”

“மாட வீதிக்கு போகசொல்லயே தெரியும். பதினாறு வருஷம் மிதிச்சவன் சார், இது தெரியாதா?”

“அப்பவே நீங்களே திருப்பி வெச்சிருக்கலாமே.”

“உங்க வண்டி சார். நீங்க வேற கழுத்துவலின்னு ஒக்காந்து செஞ்சீங்க. ஏதோ புதுசா இப்டித்தான் வெக்கறாங்க போலன்னு நெனச்சிட்டேன். கேக்காம எப்டி கை வெக்கறது?” பையின் வாயை முடிச்சுப் போட்டார். “அப்பால சொல்ல வந்தேன். நீங்கதான் கைய காமிச்சீங்க.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வேறு கட்டடங்களில் கேட்டுப் பார்க்கிறேன், கோபாலபுரத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பள்ளி நடத்துகிறார், இப்படி. அவர் கேட்டுக்கொண்டார்.

“உங்களுக்கு இன்னா வயசு சார்?” என்று கேட்டார்.

“ஐம்பத்திரண்டு.”

“எனக்கு அம்பத்திநாலு. பாத்து ஓட்டுங்க சார், பாலத்தாண்ட பஸ்ஸுகாரன் ஒதுங்க மாட்டான்.” குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கோபாலபுரத்துப் பள்ளியில் ஏற்கெனவே ஆள் இருந்தது. வேறு இரண்டு இடத்தில் கேட்டேன், அங்கேயும் ஏஜென்சி. மூன்றாவது இடத்தில் நான் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நான் என் சைக்கிளின் ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன். புதன்கிழமை அவர் அதைத் தெருமுனை வரை ஓட்டினார், அதற்குப் பிறகு மாட வீதிக்குத் தள்ளிக்கொண்டே போய்த் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் எதன் மீதும் மோதவில்லை. சனிக்கிழமை மத்தியானமே எனக்கு இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வேலை போய்விட்டது.